நானூற்றுப் பன்னிரண்டாம் கொக்கி

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. வரும்போதே ஒரு பொட்டலம் தேன் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். "உங்க ஊரோட வரலாற்றை எழுதுறோம் அம்மா. ஞாபகம் இருக்கிறவங்ககிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கணும்" என்று சொல்லி செல்போனை ரெக்கார்டில் போட்டு மேசைமேல் வைத்தாள். முதல் சுரங்கம் எந்த ஆண்டு, உருக்காலையில் எத்தனை உலை, டிராம் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று கேட்டுக்கொண்டே போனாள். கொஞ்ச நேரம் பதில் சொன்னேன். பிறகு எரிச்சல் வந்துவிட்டது.

"இதெல்லாம் காகிதத்துல இருக்கும்மா. நான் செத்தாலும் இருக்கும். ரயீசாவைப் பத்திக் கேளு. அவ எந்தக் காகிதத்துலயும் இல்ல."

"யாரு அவங்க? டைரக்டரா இருந்தாங்களா?"

"டைரக்டரா! டைரக்டருங்க பதினாலு பேர் வந்தானுங்க, போனானுங்க. ரயீசா வில்லைக்காரி."

நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பெண் என்னையே பார்த்தாள். தினிப்ரோ நகரத்தில், போரில் ஊரை இழந்து வந்த எங்களுக்குக் கொடுத்திருக்கும் இந்த விடுதி அறையில், என் கட்டிலுக்கு எதிரே இருக்கும் கட்டில் ரயீசாவுடையது. தலைமாட்டுச் சுவரில் அவள் அடித்த ஆணி இருக்கிறது. அந்த ஒரு ஆணிக்காக விடுதிக் கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் ஒரு வாரம் திட்டித் தீர்த்தார்.

சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாற்றினார்கள். முதலாளி பெயர் ஒன்று, புரட்சிக்காரன் பெயர் ஒன்று, கடைசியாக அங்கே ஓடிய ஓடையின் பெயர். எந்தப் பெயரும் வாயில் நுழைவதற்குள் அடுத்தது வந்துவிட்டதால் நாங்கள் 'ஊர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெறும் புல்வெளியாகக் கிடந்த இடம் அது. பெல்ஜியத்திலிருந்து ஒருவன் வந்து குழி தோண்டினான். குழியைச் சுற்றிக் கொட்டகை, கொட்டகையைச் சுற்றி வீடு, வீட்டைச் சுற்றி ஆப்ரிகாட் மரம். நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலைகளும் வந்தன. மேற்கே உருக்காலை, கிழக்கே எங்கள் சுரங்கம்.

சுரங்க அலுவலகத்தின் வாசல் சுவரில் ஓக் மரப் பலகை ஒன்று உண்டு. பெல்ஜியக்காரன் காலத்தது. அதில் ஆயிரத்து இருநூறு கொக்கி, ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. கீழே இறங்குகிறவன் தன் வில்லையை ஜன்னலில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே. வில்லை தொங்கினால் ஆள் மேலே. இவ்வளவுதான் சட்டம். விபத்து என்றால் மீட்புப் படை முதலில் ஓடிவருவது அந்தப் பலகைக்குத்தான்.

ஜெர்மன்காரன் வந்தபோது நம்மவர்களே சுரங்கத்தில் தண்ணீரை விட்டு மூழ்கடித்துவிட்டுப் போனார்கள். அவன் ஓடிய பிறகு ஊர்ப் பெண்கள் இரண்டு வருடம் தண்ணீர் இறைத்தார்கள். பலகையை யாரோ கழற்றி ஓர் ஆட்டுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்து, மேலே வைக்கோல் போட்டுக் காப்பாற்றியிருந்தார்கள். அது திரும்பவும் சுவரில் ஏறிய அன்றைக்குத்தான் போர் முடிந்தது என்று என் அம்மா சொல்வாள்.

ரயீசா, எங்கள் வாயில் ராயா, அந்தப் பலகைக்கு வந்தது எழுபத்தாறாம் ஆண்டு. எனக்கு அவளுக்கு அடுத்த ஜன்னல், விளக்கு அறை. அவள் வில்லையைக் கொடுப்பாள், அதே எண் போட்ட தலைவிளக்கை நான் கொடுப்பேன். அப்போது அவளைப் பார்த்திருக்க வேண்டும்! பீட்ரூட் நிறத்தில் சாயம் போட்ட முடி, வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை, வரிசையில் நிற்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கிண்டல். ஷிப்ட் முடிந்து கடைசி வில்லை ஏறியதும், "எல்லாரும் மேல வந்தாச்சு!" என்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்திவிட்டு ஜன்னல் பலகையைப் படாரென்று இறக்குவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வீட்டு ஞாபகமே வரும். அவள் புருஷன் லெவ்கோ சுரங்க மீட்புப் படையில் இருந்தான். குட்டையான ஆள், பாடினால் பூனைகூட வெளியே போய்விடும், ஆனால் விடாமல் பாடுவான். அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம்.

எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம் வந்தது. மே மாதம் என்றால் எங்கள் ஊரில் உருளைக்கிழங்குதான். ஊர் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம். யாரைப் பார்த்தாலும் "நட்டாச்சா?" என்பதுதான் பேச்சு. ஷிப்டை விட முடியாது, நிலத்தையும் விட முடியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருவன் ஜன்னலுக்கு வந்து இரண்டு வில்லையாக வாங்கிக்கொண்டு இறங்குவான். இன்னொருவன் தோட்டத்தில் கிழங்கு நடுவான். பலகையைப் பொறுத்தவரை இருவரும் கீழே. அடுத்த நாள் இவன் இறங்குவான், அவன் நடுவான். எல்லாருக்கும் தெரியும். மே மாதத்தில் யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அன்று காலை திமீஷ் வந்தான், சிரித்த முகத்தோடு.

"ராயா அக்கா, என்னோடது முன்னூத்தி எண்பது. அப்படியே நானூத்திப் பன்னெண்டையும் குடுத்துடு."

"நானூத்திப் பன்னெண்டு ப்ரோகிப்போடது ஆச்சே. அவன் எங்க?"

"பின்னாலதான் வர்றான். பூட்ஸ் கட்டிக்கிட்டிருக்கான்."

"பூட்ஸ் கட்டுறானா, கிழங்கு மூட்டை கட்டுறானா?"

வரிசையே சிரித்தது. ரயீசாவும் சிரித்துக்கொண்டே இரண்டு வில்லையைத் தள்ளினாள். அவன் என் ஜன்னலுக்கு வந்தான். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு விளக்கைக் கொடுத்தேன். இதை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெக்கார்டில் இருக்கட்டும்.

பதினோரு மணிக்குக் கிழக்குச் சுரங்கப் பாதையில் வாயு வெடித்தது. பலகைக் கணக்குப்படி அங்கே பதினேழு பேர். பன்னிரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள். நாலு பேரைப் போர்வையில் கொண்டுவந்தார்கள், அதில் ஒருவன் திமீஷ்; அவன் பையில் இரண்டு வில்லை கிடந்ததை அப்போது யாரும் பார்க்கவில்லை. மீட்புப் படைத் தலைவர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கொக்கி காலி.

"நானூத்திப் பன்னெண்டு. ஆள் உள்ள இருக்கானா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

ரயீசா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரே கைக்கு இரண்டு வில்லை கொடுத்தோம் என்று சொன்னால் வேலை போகும், ஒருவேளை சிறைக்கும் போவோம். ஆனால் அது மட்டும் இல்லை. ப்ரோகிப் உண்மையிலேயே பின்னால் வந்து இறங்கியிருந்தால்? இல்லை என்று சொல்லி, அவன் அங்கே கிடந்து செத்தால்? அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"உள்ள இருக்கான்" என்றாள்.

தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் லெவ்கோ முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு முறை இறங்கி ஏறியிருந்தான். அதைக் கேட்டதும் முகமூடியை மாட்டிக்கொண்டான். எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது வழக்கம்போல ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். உள்ளே அவன் போய்ச் சேர்ந்ததும் கூரை அவன்மேல் இறங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து ப்ரோகிப் ரோட்டில் ஓடிவந்தான். ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை ஈர மண். "திமீஷ் எங்க? திமீஷ் எங்க?" என்று கத்திக்கொண்டு வந்தான். அங்கே நின்ற கூட்டம் அவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். ரயீசா ஜன்னலிலிருந்து எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் ஜன்னல் பலகையை இறக்கவும் இல்லை.

விசாரணை வந்தது. பழி முழுவதும் செத்துப்போன திமீஷின் தலையில் விழுந்தது. ப்ரோகிப்புக்குப் பதவி இறக்கம். ஜன்னல்காரிகளை யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ரயீசா வேறு ஆள். கிண்டல் போய்விட்டது, சாயம் போய்விட்டது. முகம் பார்க்காமல் வில்லை கிடையாது என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். "தொப்பியத் தூக்கு. மூஞ்சியக் காட்டு." டைரக்டராக இருந்தாலும் அதேதான்.

"ஏன் ராயா அக்கா, இருபது வருஷமா பாக்கிற மூஞ்சிதானே? சலிக்கலையா?"

"சலிக்குது. காட்டு."

ப்ரோகிப் ஊரைவிட்டு ஓடிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன் மனைவிதான் போனாள், பொல்தாவாவில் இருக்கும் தாய்வீட்டுக்கு. அவன் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். வரிசையில் அவனுக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்காமல் இடம் விட்டார்கள். அவன் ஜன்னலுக்கு வந்ததும் ரயீசா தலையைக் குனிந்தபடியே நானூற்றுப் பன்னிரண்டைத் தள்ளிவிட்டாள். அவன் எடுக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நகருய்யா, கீழ போற கூண்டு கிளம்பிடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் நகரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, கடைசியில் அவள் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். அரை நொடிதான். அதன் பிறகுதான் வில்லையை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போதும் அதேபோல் நின்றான்.

இப்படித்தான் முப்பத்தைந்து வருடம். மற்றவர்களை உடனே பார்த்துவிடுவாள், இவனை மட்டும் காக்க வைப்பாள். அவனும் காத்திருப்பான். வயதாகி, கீழே இறங்க முடியாமல் கொதிகலன் அறைக்குக் காவலாளியாக வந்த பிறகும் வில்லை எடுப்பதை விடவில்லை, நிற்பதையும் விடவில்லை. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. "ரெண்டு பேருக்கும் பைத்தியம்டீ" என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் ஊரின் வரலாறு நடந்தது. பெரிய ராஜ்யம் உடைந்தது. மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஆண்கள் தலைநகருக்குப் போய்த் தலைக்கவசத்தைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரயீசா போகவில்லை, கீழே தண்ணீர் இறைக்கும் ஆட்கள் இருந்தார்கள். உருக்காலையில் பாதி உலை அணைந்தது. இரண்டாயிரத்துப் பதினாலில் போர் வந்து எங்களுக்குக் கிழக்கே இரண்டு கழிவு மலை தள்ளி நின்றுகொண்டது. எட்டு வருடம் அங்கேயே நின்றது. குண்டுச் சத்தத்தோடு ஷிப்ட் மாறினோம். இருபத்திரண்டில் ரஷ்யப் படை முழுதாகக் கிளம்பி வந்தது. ஏப்ரலில் மின்சாரம் அறுந்தது. தண்ணீர் இறைக்க வழியில்லாமல் கடைசி ஷிப்ட் மேலே வந்தது. "எல்லாரும் மேல வந்தாச்சு" என்று ரயீசா சொன்னாள், கத்தவில்லை. ஆயிரத்து இருநூறு கொக்கியும் நிறைந்திருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து அழுதோம். கீழே தண்ணீர் ஏறத் தொடங்கியது.

சுரங்க அலுவலகத்துக்கு அடியில் பழைய காலத்தில் கட்டிய பெரிய நிலவறை உண்டு. வீடு போனவர்களெல்லாம் அங்கே வந்து சேர்ந்தோம், தொண்ணூற்றாறு பேர். முதல் நாளே ரயீசா பலகைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வில்லை. ரொட்டிக் கடை மெலானியா முறைத்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்கு இது? நான் என்ன சுரங்கத்துல வேலையா பாக்குறேன்?"

"கீழ இறங்குற இல்ல? அப்ப எடு. வெளியில போனா கொக்கியில மாட்டிட்டுப் போ. கட்டடம் உன் தலைமேல விழுந்தா, தோண்டுறதா வேண்டாமான்னு நான் எதை வெச்சுச் சொல்லுவேன்?"

"நல்ல வாய்டியம்மா உனக்கு!"

"மூஞ்சியக் காட்டு."

கைக்குழந்தைக்குக்கூட ஒரு வில்லை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ப்ரோகிப்பும் வந்தான், தன் பழைய நானூற்றுப் பன்னிரண்டையே வாங்கிக்கொண்டான். தண்ணீருக்கோ விறகுக்கோ மேலே போகும்போதெல்லாம் பலகைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். வெளியே குண்டு விழும், கண்ணாடி நொறுங்கும், இவன் நிற்பான். அவள் பார்க்கும்வரை நிற்பான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

மே மாதம் ஒரு நாள், எங்களை ஏற்றிப்போக இரண்டு பஸ் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பஸ்ஸும் மீட்புப் படை வண்டியும் வந்து நின்ற சமயம் கட்டடத்தின் கிழக்குக் கோடியில் குண்டு விழுந்தது. அந்தப் பக்கம் மொத்தமும் நிலவறைக்குள் இறங்கிவிட்டது. மேற்குப் படி தப்பித்தது. அதன் வழியாக இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தோம். ஒவ்வொருவரும் ரயீசாவின் கையில் வில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினோம். நெற்றியில் ரத்தம் வழிய வந்த மெலானியாகூட முதலில் வில்லையைத்தான் நீட்டினாள். பத்து நிமிடத்தில் தொண்ணூற்றைந்து வில்லை ஏறிவிட்டது. ஒரு கொக்கி காலி. எந்தக் கொக்கி என்று சொல்ல வேண்டுமா?

மீட்புப் படைக்குத் தலைவர் யாரேமா என்ற ஒருவர். நாற்பது வயது இருக்கும், மூன்று நாள் தூங்காத கண். அவரோடு மூன்று பேர்.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சா? நாங்க கூடின இடத்தைப் பாத்து இன்னொண்ணு போடுவான். எப்பவும் அப்படித்தான். கிளம்பணும்."

"ஒருத்தன் வரல."

"யாரு?"

"ப்ரோகிப்பா?" என்று மெலானியா பஸ் படியிலிருந்து கத்தினாள். "அவன் காலையிலயே தண்ணிக் கேனைத் தூக்கிட்டுப் போயிட்டான்! என் கண்ணால பாத்தேன். அதே ஆட்டுத்தோல் தொப்பி. வில்லையை மாட்டாம போயிருப்பான். அவன் புத்தி தெரியாதா நமக்கு?"

"ஆமா ஆமா, அவன்தான் போனான்" என்று இன்னும் இரண்டு குரல்.

யாரேமா பலகையைப் பார்த்தார், ரயீசாவைப் பார்த்தார். "அம்மா, எங்கிட்ட மூணு பசங்க இருக்காங்க. கூரை தொங்கிட்டிருக்கு. ஆள் உள்ள இருக்கான்னா இறக்குவேன். இல்லேன்னா இறக்க மாட்டேன். ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அதே கேள்வி. அதே எண். அதே மே மாதம். அந்த மூன்று பேரில் ஒருவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தான். ரயீசா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மறைப்பானேன், நான்தான் சொன்னேன்: "வேணாம்டீ. வேணாம். அன்னைக்கும் இப்படித்தானே? அவன் இருக்க மாட்டான், அவன் என்னைக்கு இருந்தான்? இந்தப் பிள்ளைங்களை நீ கொல்லாதே. வா, பஸ்ஸுல ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"லீதா, இன்னைக்குக் காலையில நான் அவன் மூஞ்சியப் பாக்கலடீ."

"என்னது?"

"காலையிலேருந்து இந்த நாற்காலியவிட்டு எழுந்திருக்கல. அவன் வந்து நிக்கல, நான் பாக்கல. நான் பாக்காம அவன் போனதே கிடையாது." பிறகு யாரேமாவின் பக்கம் திரும்பினாள். "உள்ள இருக்கான்."

"நிச்சயமா?"

"உள்ள இருக்கான். கிழக்குப் பக்கம் தேடுங்க."

அவர்கள் இறங்கினார்கள். முதல் பஸ் கிளம்பிப் போனது. இரண்டாவது பஸ் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். ரயீசாவை நான் இழுத்துப் பார்த்தேன், அவள் பலகையைவிட்டு அசையவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை. கால் மணி நேரத்தில் யாரேமா சொன்னது போலவே இரண்டாவது குண்டு வந்தது. கொதிகலன் அறை மேல் விழுந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பையனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவருகிறார்கள். முழங்கைக்கு மேலே ரத்தம். ரயீசா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா, சில்லு பட்டுது, அவ்வளவுதான்" என்று அவனே சொன்னான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

யாரேமா மேலே வந்தார். "போதும். சத்தமே இல்ல அம்மா. இன்னும் அஞ்சு நிமிஷம், அப்புறம் நான் என் ஆளுங்களை ஏத்திடுவேன்" என்றார்.

நான் மனசுக்குள் ப்ரோகிப்பைச் சபித்தேன். இருந்தாலும் பாவி, இல்லாவிட்டாலும் பாவி என்று சபித்தேன். அப்போது கீழேயிருந்து ஒருவன் கையைத் தூக்கிச் சைகை காட்டினான். எல்லாரும் மூச்சை அடக்கினோம். வெந்நீர்க் குழாயில் ஏதோ உலோகம் தட்டும் சத்தம். டக், டக், டக். நிறுத்தி மறுபடியும். பித்தளைச் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரியாதா?

முக்கால் மணி நேரம் ஆனது அவனை வெளியே எடுக்க. கிழக்குக் கோடியிலிருந்த கிழங்கு அறையில் குழாய்க்கு அடியில் கிடந்திருக்கிறான். இடது கால் நசுங்கிவிட்டது. முகம் முழுதும் சுண்ணாம்பு. ஸ்ட்ரெச்சரை ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை ரயீசா மறித்தாள். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அரை நொடி இல்லை, நன்றாகவே பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் கழித்து அவனிடம் பேசினாள்.

"அங்க என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?"

அவன் பதில் சொல்லக் கூச்சப்பட்டான். அந்த நிலைமையிலும் கூச்சப்பட்டான்! "கிழங்கு... முளை விட்டுருந்துச்சு ராயா அக்கா. பொறுக்கிக்கிட்டிருந்தேன். மே மாசமாச்சேன்னு..."

ரயீசா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, முகமெல்லாம் தண்ணீர். அவள் கையை நீட்டினாள், வில்லைக்காக. அதற்குள் அவன் மயங்கிவிட்டான். கை மூடியபடியே இருந்தது. "விடுங்கம்மா, உயிர் போயிடும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் பஸ்ஸில் ஏறும்போது எதிர்ச்சாரியில் ஸகார் கிழவர் இரண்டு தண்ணீர்க் கேனோடு நடந்து வருகிறார். தலையில் ப்ரோகிப்பின் ஆட்டுத்தோல் தொப்பி. "காதுல குளிருதுன்னேன், குடுத்தான். வெளியில வந்துதான் போட்டுக்கிட்டேன். ஏன், என்ன ஆச்சு?" என்றார். அவருடைய வில்லை காலையிலிருந்தே தன் கொக்கியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. மெலானியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும்தான்.

இந்த அறைக்கு வந்து சேர்ந்த மறுநாள் ரயீசா ஆணி அடித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ப்ரோகிப்பை கிரிவோய் ரோக் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள், காலை எடுத்துவிட்டார்கள். அவன் அவளுக்குப் போன் செய்ய மாட்டான், எனக்குத்தான் செய்வான். "லீதா, அவகிட்ட சொல்லு, வில்லை பத்திரமா இருக்கு. கட்டைக்கால் குடுத்ததும் நானே கொண்டாந்து குடுக்கிறேன். தபால்ல அனுப்ப மாட்டேன்."

"தபால்ல வந்தா நான் வாங்கவும் மாட்டேன்" என்றாள் அவள். "ஆள் வரணும். மெதுவா வரட்டும், ஜன்னல் தெறந்துதான் இருக்கு."

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அவனை மன்னிச்சிட்டியாடீ?"

"மன்னிக்க நான் யாரு? ரெண்டு வில்லையக் குடுத்தது நான். ரெண்டு விளக்கக் குடுத்தது நீ. வாயை மூடிட்டு டீயக் குடி."

குளிர்காலத்தில் யாரோ ஊரின் படத்தைப் போனில் அனுப்பினார்கள், வானத்திலிருந்து எடுத்தது. எங்கள் கட்டடம் எது என்று இருவருக்கும் தெரியவில்லை. கழிவு மலையை வைத்து அடையாளம் பிடித்தோம். அதன் அடியில் கறுப்பாக ஒரு குழி. ரயீசா ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "பலகையைக் கழட்டிட்டு வந்திருக்கணும்டீ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் மாதம் அவள் இதயம் நின்றுவிட்டது. விடிந்து பார்த்தபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆணி காலியாக இருந்தது.

நகரத்துக்கு வெளியே, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மண்ணில் அடக்கம். ஊர்க்காரர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு பூ. பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டார். மூடியை அறைய சுத்தியலோடு இரண்டு பேர் நின்றார்கள். அப்போது ப்ரோகிப் வந்தான். ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறான், புதுக் கால் நடக்கும்போது கிறீச்சிட்டது. யாரிடமும் பேசாமல் நேராகப் பெட்டிக்குப் பக்கத்தில் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். இன்னொரு கை மூடியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான். "பெரியவரே, நேரமாகுது" என்றான் சுத்தியல்காரன். அவன் காதில் விழவில்லை. பாதிரியார் என்னைப் பார்த்தார். மெலானியா விசும்பத் தொடங்கினாள். எனக்கு ரயீசாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு தடவை, அரை நொடி, கண்ணைத் திறடீ, அவன் எத்தனை நேரம் நிற்பான்!

நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"ப்ரோகிப், அவ பாத்துட்டா. குடுத்துட்டுப் போ."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பக்கத்து ஜன்னல்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, விரலைத் திறந்து வில்லையை என் உள்ளங்கையில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு நொண்டிக்கொண்டே விலகிப் போனான்.

நான் குனிந்து அவள் காதருகில் சொன்னேன். அவளைப் போலக் கத்தவில்லை. "எல்லாரும் மேல வந்தாச்சு, ராயா."

அதன் பிறகு மூடியை இறக்கினார்கள்.